ஆப்பசோடாவில் ஓடிய ஜீப்

பாலகுமார்: கழட்டுறேன்! இப்பவே கழட்டி இந்தப் பள்ளத்துல வீசுறேன் பாரு!

துர்கா: வீசுங்க பாப்போம்! எங்கம்மாவோட எவர்சில்வர் தட்டு நாலை வெட்டி அதுக்குள்ள போட்டிருக்கு.

பாலகுமார்: தட்டு போனது பெருசா? என் டீசல் போகுதே!

மகாராணி: ஏலே... ஏலே பாலா! வெள்ளனே ஜீப் ஸ்டாண்டுல என்ன கூத்து? என் கடைக்கு பஜ்ஜி திங்க வந்தவுக பூராம் உங்க வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறாக.

பாலகுமார்: நீங்களே நாயத்தக் கேளுங்கக்கா. இவ வத்தலக்குண்டு பிரவுசிங் சென்டர்ல வேலை பாக்குறாள்ல... அங்க கம்ப்யூட்டர்ல என்னத்தையோ பாத்துட்டு வந்தா. ஒரு பாட்டில்ல தண்ணி, தண்ணிக்குள்ள தகடு, பேட்டரியிலருந்து வயரு. தண்ணி பிரிஞ்சு காத்தா வருமாம்...

துர்கா: ஹைட்ரஜன்.

பாலகுமார்: அதத்தான். அந்தக் காத்த எஞ்சினுக்குள்ள விட்டா, வண்டி டீசலக் கொஞ்சமாக் குடிக்குமாம். டீசல் வெலை ஏறுற ஏத்தத்துல நானும் நம்பிட்டேன்.

மகாராணி: அதுக்குத்தான் என் கடையில ஆப்பசோடா வாங்கிட்டுப் போனியா? நான் வயித்து வலியோன்னு உங்கம்மாட்ட வேற விசாரிச்சேன்.

பாலகுமார்: தண்ணியில சோடா கலந்தாத்தான் கரண்டு ஓடுமாம். மெக்கானிக் யோகேஷ்தான் மாட்டிவிட்டான். ஒரு மாசமாச்சு. முந்தி லிட்டருக்குப் பதினாலு குடுத்த வண்டிக்கா... இப்பப் பதினொண்ணு!

துர்கா: எஞ்சின் பழகணும்ல...

பாலகுமார்: எஞ்சின் என்ன புது மருமகளா, பழகுறதுக்கு?

மகாராணி: இருலே. மைலேஜ் கூடத்தான மாட்டுன... எப்படிக் கொறையும்?

பாலகுமார்: கொறையாம? முந்தியெல்லாம் எறக்கம் ஆரம்பிச்சதுமே எஞ்சின அமத்திருவேன். அடிவாரம் வரைக்கும் நியூட்ரல்லயே உருண்டு வந்துரும். ஒரு சொட்டு செலவில்ல. இப்ப, எஞ்சின் ஓடுனாத்தான் பாட்டில் வேலை செய்யும், இல்லேன்னா பேட்டரி எறங்கிரும்னு, இவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு சாவியத் தொடவிட மாட்டேங்கிறா!

துர்கா: கியர்லயே எறங்கணும்னு அதுல போட்டிருக்கு.

பாலகுமார்: அத எழுதுனவன் பண்ணைக்காட்டு ரோட்டப் பாத்தானா? அவன் ஊர்ல ரோடெல்லாம் சமதரை!

மகாராணி: நம்மூர்ல எல்லா ஜீப்பும் உருண்டுதானே தாயி வருது...

பாலகுமார்: சொல்லுங்க! நாலு லிட்டரு மிச்சம் பிடிச்சாத்தானே இவங்கப்பா பிச்சையா மாமா பொண்ணு தருவாரு? அழகுமலை அண்ணன விட்டுக் கேட்டதுக்கு, 'அந்த ஜீப்புக்காரனுக்கு இல்ல'ன்னு ஒரே பேச்சா முடிச்சுட்டாரு. தையில செண்பகனூர்க்காரன் பொண்ணு பாக்க வர்றானாம். அதுக்குள்ள நான் ஒரு ஆளாகணும்ல? சரி... இன்னும் ரெண்டு ஆளு சேரல. பஸ் ஸ்டாப்புல போயிக் கூப்பிட்டு வர்றேன். நீ இன்னைக்கு லீவுதான, வீட்டுக்குப் போ. அந்தப் பாட்டிலுக்கு இன்னைக்கோட சோலி முடிஞ்சுச்சு.

மகாராணி: ...போயிட்டான். இப்பச் சொல்லுத்தா. மைலேஜ் கொறையுதுன்னு தெரிஞ்சும் ஏன் இம்புட்டு மல்லுக்கு நிக்கிற?

துர்கா: ஒண்ணுமில்லக்கா.

மகாராணி: ஒண்ணுமில்லாததுக்கா கண்ணுல தண்ணி கோக்குது?

துர்கா: யார்ட்டயும் சொல்ல மாட்டீங்களே?

மகாராணி: நானா? என் வாயிலருந்து ஒரு வார்த்த வெளிய போயிருக்கா?

துர்கா: ...எங்கப்பா வேணாங்கிறது வருமானத்துக்காக இல்லக்கா. எங்க வீடு வளைவுலதானே இருக்கு? எந்த வண்டி எறங்குனாலும் சத்தம் கேக்கும். இவரு வண்டி மட்டும் பேய் மாதிரி கம்முனு போகும். எஞ்சின் ஓடலேன்னா பிரேக்கும் சரியாப் பிடிக்காதுல்ல? 'ஒரு மடக்கு டீசலுக்காக உசுர விடத் துணிஞ்சவன், எம்பொண்ணக் கரையேத்துவானா?'ங்கிறாரு.

மகாராணி: அத அவன்ட்டயே சொல்ல வேண்டியதுதானே?

துர்கா: அமத்தாதீங்கன்னு ரெண்டு வருசமாச் சொல்றேன். 'பயந்தாங்கொள்ளி'ன்னு சிரிக்கிறாரு. அப்பாவுக்காகன்னு சொன்னா, எங்க வளைவுல மட்டும் எஞ்சினப் போட்டுட்டு, தாண்டுனதும் அமத்திருவாரு. டீசல் மிச்சம்னு சொன்னாத்தான் காது குடுப்பாரு. அதான் இந்தப் பாட்டில்.

மகாராணி: அடிப்பாவி! அப்ப அந்தக் காத்து...?

துர்கா: நாலு குமிழி வருதுக்கா. அது மைலேஜ் குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன? எஞ்சின் ஓடுதுல்ல? அப்பாவும் கொஞ்சம் எளகுறாரு. 'பய இப்பக் கியர்ல எறங்குறான் போல'ன்னு நேத்து அம்மாட்டச் சொன்னாரு. இந்த நேரம் பாத்து இவரு கழட்டுனா... அக்கா, அவர்ட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க.

மகாராணி: சேச்சே! மூக்கத் தொடை. இந்தா, ஒரு பஜ்ஜி எடுத்துக்க.

*

மகாராணி: கல்யாணச் சாப்பாடே இன்னும் செரிக்கல, அதுக்குள்ள கன்னிவாடிக்குக் குடி போறீகளே! இந்தா, மொளகுத்தூளு. குண்டான்ல வச்சுக்கத்தா.

துர்கா: அங்க மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கக் கூப்பிட்டிருக்காகக்கா. ரோடும் சமதரை.

மகாராணி: பிச்சையாதான் பாவம். 'சாயந்தரம் அவன் எஞ்சின் சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது'ன்னு சொல்லித்தான பொண்ணக் குடுத்தாரு? இனி எதக் கேட்டு எறக்குவாரு?

பாலகுமார்: செல்போன் வாங்கிக் குடுத்துட்டேங்க்கா.

மகாராணி: உங்க கல்யாணத்தால ஊர்ல நடந்த கூத்து தெரியுமாலே? பாட்டில் ராசின்னு இன்னும் ஆறு ஜீப்புக்காரங்க யோகேஷ்ட்ட மாட்டுனாங்க. ஒருத்தனுக்கும் மைலேஜும் வரல, பொண்ணும் வரல. யோகேஷத் தேடிப் போனா, எதுத்த தெரு சத்தியபிரியாவக் கட்டிக்கிட்டு வெரசாத் திருப்பூருக்குக் கெளம்பிட்டானாம்.

துர்கா: நம்ம பாட்டில் நல்ல பாட்டிலுதான். ஏங்க, ரோட்டுல ஒடையாம வருமா?

பாலகுமார்: அது... துர்கா, அதுல வயரு கெடையாது.

துர்கா: என்னது?

பாலகுமார்: கழட்டிட்டேன். சண்டை போட்டமே, அன்னைக்கே.

துர்கா: அப்பறம் ஏன் எறக்கத்துல எஞ்சின அமத்தல?

பாலகுமார்: அக்காவக் கேளு.

மகாராணி: என்னைய ஏன்லே இழுக்குற? மொளகுத்தூளு குடுத்தது ஒரு குத்தமா?

பாலகுமார்: ஆளக் கூட்டிட்டு வந்து நான் வண்டிய எடுக்குறேன்... அக்கா ஜன்னல் வழியாத் தலைய விட்டு அம்புட்டையும் கொட்டிட்டாங்க. நீ அழுதது வரைக்கும். கோவத்துல வயரப் பிச்சு எறிஞ்சேன். எறக்கம் வந்துச்சு. சாவிக்குக் கை போச்சு... உனக்குன்னு விட்டு வச்ச பக்கத்து சீட்டு காலி. நீ எப்பவும் பிடிச்சுக்கிட்டு வர்ற கம்பி இருக்குல்ல, அதுல பெயிண்டே தேஞ்சு கெடந்துச்சு. ரெண்டு வருசமா நான் அதப் பாக்கவே இல்ல. அப்பறம் எங்கிட்டு அமத்துறது?

மகாராணி: கோவிச்சுக்காதத்தா. அடக்கித்தான் பாத்தேன்... அடுத்த ஈடு பஜ்ஜி வேகுற வரைக்கும்கூடத் தாங்கல. மூச்சு விட்றாதீங்கன்னு நீ அம்புட்டுத் தூரம் கெஞ்சுன...

துர்கா: நான் சொன்னா சிரிக்கிறாரு. வேற யாராச்சும் வெரசா அவரு காதுல போடணும்ல? அதான் உங்ககிட்ட மூச்சு விட்றாதீங்கன்னு சொன்னேன்.