ரோப் காரில் வந்த சம்பந்தம்

...இல்லம்மா, நீயே சொல்லு, ஊரு சுத்திப் பாக்க வந்தவங்க ஊரச் சுத்திப் பாக்கணுமா வேணாமா? கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல மொதத் தடவையா, "வா கசில்தா, லா பாஸ் போயிட்டு வருவோம்"னாரு எங்க வீட்டுக்காரரு. நானும் நம்பி வந்தேன். தாரிஹாவுல என் பாட்டுக்குத் திராட்சைத் தோட்டத்தப் பாத்துட்டுக் கெடந்தவ... இந்த நெமேசியோ பேச்சக் கேட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்.

இல்ல இல்ல, நீ உக்காரு. தாரிஹா பஸ்ஸு கெளம்ப நேரம் இருக்கு. வழியில சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வர்றேன்னு எறங்கினாரு. போனவரு போனவருதான்.

வந்து எறங்கின ஒடனே தலவலி. தலைக்குள்ள யாரோ அம்மி போட்டு மொளகா அரைக்கிற மாதிரி. ஒசரமான ஊரு, கோக்கா இலை டீ குடிங்க, சரியாப் போயிடும்னாங்க. குடிச்சேன். தலவலி போகல, தூக்கம்தான் போச்சு. இவருக்கு ஒண்ணும் பண்ணல. தலைக்குள்ள ஏதாவது இருந்தாத்தான வலிக்கும்?

மறுநா காலைல ரோட்டக் கடக்கப் போறோம். அந்த ஊர்ல டிராபிக் பாக்கறதுக்குன்னு வரிக்குதிரை வேசம் கட்டின ஒரு பொண்ணு வந்து இவரு கையப் புடிச்சு நிறுத்துது. சிவப்பு வெளக்கு எரியுதாம். எங்க ஊர்ல போலீஸ்காரன் சொன்னாலும் நிக்காத மனுசன், வரிக்குதிரை சொன்னதும் தொப்பியக் கழட்டி, "மன்னிச்சுக்கம்மா"ங்கறாரு! நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காது.

அப்புறம் ரோப் கார்ல ஏறினோம். அங்கதான் புடிச்சுது சனி.

எதுக்க ஒரு சின்ன வயசுப் புருசன் பொண்டாட்டி. அவன் பேரு எட்கார், அவ லிதியா. மடியில ஒரு கொழந்த, முடி இடுப்பு வரைக்கும் தொங்குது. இந்த மனுசன் சும்மா இருந்தாரா? "உங்க பொண்ணு ராசாத்தி மாதிரி இருக்கா"ன்னாரு. "பையங்க, பேரு எலியாஸ்"ங்கறா லிதியா. மொத முடி இன்னும் வெட்டலையாம், அந்த விசேஷம் இன்னிக்குத்தானாம். சொல்லும்போதே பொலபொலன்னு அழுவுறா. என்னடான்னா, கத்தரியப் புடிச்சு ஆரம்பிச்சு வைக்க வேண்டிய ஞானத்தகப்பன் ஒரூரோ ரோட்டுல மறியல்ல மாட்டிக்கிட்டானாம். பேண்டு செட்டு வந்தாச்சு, ஆடு வெந்தாச்சு, ஆளு இல்ல.

பையனப் பொண்ணுன்னு சொல்லிட்டாருல்ல, அந்த வெக்கம் வேற... "அதுக்கென்ன, நான் நிக்கிறேன்!"ங்கறாரு.

ஓங்கி ஒரு ஒத விட்டேன். அது எட்கார் கால்ல பட்டுது. "பரவாயில்லம்மா"ங்கறான், பாவம். எறங்கி ஓடலாம்னா அந்தரத்துல தொங்கறோம்.

மேல எல் ஆல்தோவுல எறங்கினதும் நேரா மண்டபத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. எங்கள நடுவுல உக்கார வச்சாங்க. பேண்டு வாசிச்ச வாசிப்புல எனக்கு இருந்த தலவலி ரெண்டாப் போச்சு. எலியாசு கத்தரியப் பாத்தான், ஒரே அலறல், மேசைக்கு அடியில பூந்துட்டான். அப்பன் கூப்பிடுறான், ஆத்தா கூப்பிடுறா, வரல. நம்ம ஆளு என்ன பண்ணாரு? புள்ளையச் சிரிக்க வைக்கறேன்னு பேண்டுக்குக் குதிச்சுக் குதிச்சு ஆட ஆரம்பிச்சாரு. அந்த ஒசரத்துல! எல்லாரும் கை தட்டுறாங்க. நான் கத்துறேன், "யோவ், மூச்சு வாங்கும்யா, உக்காருய்யா!"

உக்காந்தாரு. தொப்புன்னு. ஒதடு நீலமாப் போச்சும்மா.

...நான் நெனச்சுட்டேன், முடிஞ்சுது, தாரிஹாவுக்குத் தனியாத்தான் போகப் போறேன்னு. ஊருக்குப் போயி யாருகிட்ட சண்ட போடுவேன்? கூட்டத்துல ஒருத்தன் ஓடிப்போயி மருந்துக்கடையிலேருந்து ஆக்சிஜன் கொண்டாந்தான். மூஞ்சில வச்சு அமுக்கினாங்க. நான் அழல. கையப் புடிச்சுக்கிட்டு திட்டினேன், தெரிஞ்ச வசவு அத்தனையும். கண்ணத் தொறந்து மொத வார்த்த என்ன கேட்டாரு தெரியுமா? "பையனுக்கு முடி வெட்டியாச்சா?"

தூக்கம் வருதாம்மா? நீ கண்ண மூடிக்க, பரவாயில்ல. காது தொறந்துதான இருக்கு.

அப்பப் பாத்தா என் பாவாடைய யாரோ இழுக்கறாங்க. எலியாசு. நான் போட்ட கூச்சல்ல பயந்து மேசைக்கு அடியிலேருந்து வந்துட்டான். அம்மாகிட்ட போகல, அப்பன்கிட்ட போகல, ஏறி என் மடியில உக்காந்துட்டான். ஊரே என்னப் பாக்குது. லிதியா கத்தரியக் கொண்டாந்து என் கையில குடுக்கறா. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. சரி, அத விடு. வருசா வருசம் திராட்சைக் கொடி வெட்டற கைதான். மொத முடிய நான் வெட்டினேன். அசையல பையன். கோணலா வெட்டிட்டேன், அந்த ஊருக் குளிரு அப்படி.

அதோட விட்டாங்களா? ஞானத்தாயி ஓட்டல்ல தங்கறதாவதுன்னு பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான் எட்கார். இன்னிக்கு வரைக்கும் அங்கதான். சூனியக்காரிங்க சந்தை பாக்கல, சந்திரப் பள்ளத்தாக்கு பாக்கல. லிதியா வீட்டு அடுப்படி பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரி கேப்பா, "லா பாஸ்ல என்னடி பாத்த?"ன்னு. என்னத்தச் சொல்ல, உருளக்கெழங்கு உரிச்சேன்னா? காலைல கெளம்பும்போது பையன் தூங்கிட்டிருந்தான். எழுப்பாதீங்க, அழுவான்னு நான்தான் சொன்னேன். நல்லதாப் போச்சு. நிம்மதியா ஊரு போயிச் சேருவோம்.

தோ, வர்றாரு பாரு நம்ம ஆளு... கையில என்ன, கயிறா? கயித்துல... அடப்பாவி மனுசா! ஆடும்மா! உசுரோட செம்மறியாடு! பின்னாடியே எட்காரு, லிதியா... மொத்தக் குடும்பமும் வருது. ஞானத்தகப்பனுக்குச் சீரு போல இருக்கு. ஏன்யா, ஆட்ட எங்கய்யா ஏத்துவ? டிரைவரு மொகத்தப் பாரு! "மடியில வச்சுக்கறேன்"னு அவருகிட்டயே சொல்றாரே! வேணாம்னு திருப்பிக் குடுத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?

எட்காரு தோள்ல... எழுப்பிக் கூட்டியாந்துட்டாங்க. என்னப் பாத்துட்டான். அழுவுறான் பாரு, ரெண்டு கையும் நீட்டிக்கிட்டு. எழுப்பாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?

தள்ளும்மா கொஞ்சம். இல்ல, ஆட்ட அவங்க வீட்டுலயே விட்டுட்டு வர்றதுன்னாலும் கூடப் போயிக் கட்டிப் போட ஆளு வேணுமில்ல? இவருக்கு ஆடு கட்டத் தெரியாது. அந்தப் பையைக் கொஞ்சம் எடும்மா. அதுவும் என்னுதுதான். டிரைவர் தம்பி, கதவத் தொறப்பா, நாங்க அடுத்த பஸ்ஸுல வந்துக்கறோம். இன்னிக்கு இல்லப்பா... அடுத்த வாரம் பஸ்ஸு இருக்குமில்ல?

டேய் எலியாசு! அழாதடா, எறங்குறேன்ல!