ஆணியில் மாட்டாத சட்டை

அக்கா: நிறுத்து. மூணாவது தடவையா அதே பொய்.

தம்பி: இதுல என்ன பொய்? நூலகப் புத்தகத்தைத் தாமதமாத் திருப்பிக் குடுத்தேன், அதுல இருந்து நேரத்தோட அருமை தெரிஞ்சுதுன்னு...

அக்கா: நூலகம் எந்தப் பக்கம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?

தம்பி: அது அவங்களுக்குத் தெரியாதே.

அக்கா: உன் முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. முதல்ல இருந்து ஆரம்பி. நான் யாரு?

தம்பி: தேர்வுக் குழுத் தலைவர். இஸ்திரிப் பெட்டியோட நிக்கிற தலைவர்.

அக்கா: நாளைக்கு நேர்காணலுக்கு நீ போட்டுட்டுப் போற சட்டைடா இது. வாயைக் குறைச்சா காலர் நேராகும். சொல்லுங்க, ஏன் ஸ்பீச் தெரபி படிக்கணும்?

தம்பி: பேருதான் பேச்சு. பாதி வேலை விழுங்குறதைப் பத்தினது. அக்கா, இஸ்திரியைக் கொஞ்சம் நிமிர்த்தி வை. ரெண்டு விரலைத் தொண்டையில வை. இப்ப எச்சில் முழுங்கு.

அக்கா: ம்... ஏதோ மேல ஏறி இறங்குது.

தம்பி: அதான் குரல்வளை. அது ஏறுற அந்த நேரத்துல ஒரு குட்டி மூடி மூச்சுக்குழாய் மேல கவிழும். ஒரு நொடிகூட ஆகாது. தண்ணி அதைத் தாண்டி, பின்னாடி இருக்கிற உணவுக்குழாய்க்குள்ள இறங்கிடும். மூடி தாமதமா மூடினா?

அக்கா: புரையேறும்.

தம்பி: நமக்கு ஏறும். அப்பா மாதிரி பக்கவாதம் வந்தவங்களுக்கு அங்க உணர்ச்சி மரத்துப்போயிருக்கலாம். இருமலே வராது. நல்லாத்தான் குடிச்சார்னு நாம நினைச்சுக்குவோம். தண்ணி நுரையீரலுக்குப் போயிருக்கும். அதான் அவர் டீயில கெட்டியாக்குற பொடி கலக்குறோம். கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும், மூடிக்கு நேரம் கிடைக்கும்.

அப்பா: டீயா... அது? பசை.

தம்பி: உள்ளே படுத்துக்கிட்டு ஒட்டுக் கேக்குறார் பாரு. கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா, போஸ்டர் ஒட்டலாம்.

அக்கா: இதெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு. போன வருஷமும் இதையெல்லாம் நல்லாத்தானே சொன்னே. அடுத்த கேள்வியிலதானே வாயடைச்சுப் போச்சு.

தம்பி: ரெண்டு நிமிஷம். அவங்க சுவர்க் கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தேன். நீங்க போகலாம்னுட்டாங்க.

அக்கா: இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும். விண்ணப்பமே போட முடியாது. அதனால சொல்லு. நீங்க செஞ்ச ஒரு தவறு. நூலகம் வேண்டாம்.

தம்பி: ...சட்டை போதும்க்கா. ஆணியில மாட்டு.

அக்கா: நாற்காலி முதுகுல போடுறேன்.

தம்பி: மறுபடி மடிப்பு விழும். கையெட்டுற தூரத்துல ஆணி இருக்கு. ரெண்டு வருஷமா நீ எதையுமே ஆணியில மாட்டுறதில்ல. ஆணி என்ன, கடிக்குமா?

அக்கா: பேச்சை மாத்தாதே.

தம்பி: உண்மையைச் சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க.

அக்கா: பொய் சொல்ல உனக்கு வரலை. பேசாம இருந்தும் பார்த்தாச்சு. வேற என்ன மிச்சம் இருக்கு?

தம்பி: அந்தக் கதவைச் சாத்திட்டு வரவா? அப்பா...

அக்கா: திறந்தே இருக்கட்டும்.

தம்பி: ரெண்டு வருஷம் முன்னாடி, அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்த ரெண்டாவது நாள். நீ குளிக்கறதுக்கு வீட்டுக்குப் போயிருந்தே. அப்பாவுக்கு உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. என் தம்ளரையே பார்த்துட்டிருந்தார். நான்... அரை தம்ளர் தண்ணி குடுத்தேன்.

அக்கா: ம்.

தம்பி: இருமலே வரலை. கொஞ்சம் சிரிச்சார்கூட. அப்புறம் நர்ஸ் வந்தாங்க. தம்ளர் காலியா இருக்கே, இவருக்குக் குடுத்தீங்களான்னு கேட்டாங்க. அவங்க முகத்தைப் பார்த்ததும் பயந்துட்டேன். நான்தான் குடிச்சேன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு காய்ச்சல். நிமோனியா.

அக்கா: அடுத்து என்ன கேப்பாங்க தெரியுமா? வாயில எதுவும் தரக் கூடாதுன்னு கட்டில்ல அட்டை தொங்குமே, பார்க்கலையான்னு.

தம்பி: அட்டை இல்லக்கா. அன்னிக்கு சாயங்காலம்தான் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் மாட்டியிருக்கணும். ஆனா அதை நான் சொல்லப் போறதில்ல.

அக்கா: ஏன்? உனக்குச் சாதகம்தானே.

தம்பி: அட்டை இல்லைன்னா வாயைத் திறந்து கேட்டிருக்கணும். நர்ஸ் மேசை பத்தடி தூரம்தான். தண்ணி குடுத்தது தெரியாம செஞ்சது. கேட்டப்ப மறைச்சேன் பாரு, அதுதான் தவறு. அப்பவே சொல்லியிருந்தா அப்பவே நெஞ்சைப் பரிசோதிச்சிருப்பாங்க. ரெண்டு நாளை வீணடிச்சது என் பயம். கத்துக்கிட்டது என்னன்னா... நோயாளியால சொல்ல முடியாதப்ப, கூட இருக்கிறவன் மறைக்கக் கூடாது.

அப்பா: சொல்...லு. நாளைக்கும்... இதையே.

தம்பி: அப்பா... கேட்டுட்டா இருந்தீங்க?

அப்பா: அந்தத் தண்ணி... நல்லா... இருந்துச்சுடா.

தம்பி: ...சரி. இதையேதான் சொல்லப் போறேன். சேர்த்துக்கிட்டாலும் சரி, வெளியே அனுப்பினாலும் சரி. கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன். அக்கா? ஏன் அப்படியே நிக்கிறே? சட்டையைக் குடு, நானே மாட்டுறேன்.

அக்கா: வேண்டாம்டா. அட்டை அன்னிக்குக் காலையிலயே இருந்துச்சு, கட்டில் தலைமாட்டுக் கொக்கியில. வீட்டுக்குக் கிளம்புற அவசரத்துல, துவைச்ச அப்பா சட்டையை அது மேல காயப்போட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து சட்டையை எடுத்தப்பதான் படிச்சேன்... அதான், காலித் தம்ளரைப் பார்த்தும் உன்னை ஒரு வார்த்தை கேக்கலை.