அண்ணன் கொண்டுவந்த சீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்த மறுவாரம் சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். என் பக்கத்தில் இருந்த பெண், கம்பியைப் பிடித்து நின்ற புருஷனிடம் சொன்னாள்:

“பொங்கல் சீரைத் திருப்பி அனுப்பின மனுஷன் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்.”

“இனிமே புதுசா எதுவும் வீட்டுக்கு வேணாம்னு ரெண்டு பேரும்தானே முடிவு பண்ணோம்? வீட்டுல இருந்த டிவியையே வேணாம்னு தூக்கிக் கொடுத்தப்போ நீயும் சிரிச்சே.”

“கடையில வாங்க வேணாம்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன். எங்கண்ணன் என்ன கடையா?”

“இருக்கிற பாத்திரமே போதுமே, இன்னொரு பானை எதுக்குன்னு கேட்டேன். அவ்வளவுதான்.”

“வாசல்ல நிக்க வச்சுக் கேட்டீங்க. நான் தண்ணி பிடிச்சுட்டு வர்றதுக்குள்ள, பானையும் புடவையுமா எங்கண்ணன் திரும்பிப் போயிடுச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குது. எனக்குப் பொறந்த வீடுன்னு வேற யாரு இருக்கா?”

“சரி, இப்ப என்ன பண்ணச் சொல்றே?”

“அடுகோடியில இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போறோம். நீங்களே சீரைக் கேட்டு வாங்குறீங்க.”

“என்னன்னு கேக்குறது?”

“எங்களுக்கு வேணும்னு கேளுங்க. அந்த வார்த்தை வாயில வருதான்னு பாக்குறேன்.”

அடுகோடியில் அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டாள். அவர் கம்பியை விடவில்லை. கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் அவசரமாக இறங்கினார்.

நான் ஏறியது சிவாஜிநகரா, மார்க்கெட்டா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அடுகோடி பஸ் எங்கிருந்து புறப்படும் என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.