எமில் ஸ்ட்ரோபெல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

மேடையில் அமர்ந்திருக்கும் கிளப் தலைவர் மர்ரே அவர்களே, சிலையை வடித்த சிற்பி ஐரீன் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் திருமதி லோரெட்டா ஸ்ட்ரோபெல் அவர்களே, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் டன்மோர் மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் டெல் கிம்ப்ரோ. இந்த பேஸ்பால் மைதானத்தில் பிட்சராகப் பந்து வீசியவன். நான் வீசியதையெல்லாம் பிடித்தவர் மாபெரும் கேட்சர் எமில் ஸ்ட்ரோபெல். 'எல்லாம்' என்பதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. தரையில் குத்தியதையும் பிடித்தார், தலைக்கு மேலே போனதையும் பிடித்தார், நடுவரின் முழங்காலைத் தேடிப் போனதையும் பிடித்தார். பெயர் எனக்கு வந்தது. வீக்கம் அவர் விரல்களுக்கு வந்தது.

கேட்சர் என்றால் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மட்டைக்காரனுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக் கூண்டோடு குந்தியிருப்பவர். அணியின் மற்ற எட்டுப் பேரும் அவர் பக்கம் பார்த்து நிற்பார்கள். அவர் ஒருவர்தான் எட்டுப் பேரையும் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

நான் தடுமாறும்போதெல்லாம் எமில் எழுந்து என்னிடம் நடந்து வருவார். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொல்வார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று இந்த ஊர் இன்றுவரை என்னைத் துளைக்கிறது. சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பை கைநழுவிப் போய்க்கொண்டிருந்த அந்த ஆட்டத்தில் வந்தார்.

"டேய், உன் மாமியார் மூணாவது வரிசையில தூங்கிட்டு இருக்காங்க. நீ போடற லட்சணத்துக்கு நானும் தூங்கிடுவேன் போல. அவங்க எழுந்திரிக்கற மாதிரி ஒண்ணு போடேன்."

போட்டேன். மாமியார் எழுந்தார், ஊரே எழுந்து நின்றது.

அப்பேர்ப்பட்டவருக்கு மைதானத்தின் முன்வாசலுக்கு வெளியே சிலை வைக்கத் தீர்மானித்தோம். அவர் குந்தியிருப்பது போன்ற களிமண் உருவத்தைப் பார்க்க எமிலே வந்திருந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கேட்டார்.

"இது எந்தப் பக்கம் பாக்கும்?"

"தெருவைப் பாத்துதான். வர்றவங்க முகத்தைப் பாக்க வேணாமா?" என்றார் மர்ரே.

"தப்பு. உள்பக்கமா திருப்பி வைங்க."

"என்ன எமில், வர்றவங்களுக்கு முதுகையா காட்டுவீங்க?"

"இத்தனை வருஷமா அதைத்தானே காட்டினேன்? யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கலையே."

காரணம் சொல்லவில்லை. மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம். அந்த வாரமே அவர் இதயம் நின்றுவிட்டது.

நாளை சிலையைப் பீடத்தில் இறுக்கப் போகிறார்கள். எந்தப் பக்கம் என்ற முடிவை எமிலின் மனைவி லோரெட்டாவிடம் விட்டுவிட்டோம். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டெல், தடுப்பு வலைக்குப் பின்னாடி உக்காந்து அவரோட முதுகைப் பாத்தே பாதி வாழ்க்கை போச்சு. இனிமேயாவது முகத்தைக் காட்டட்டுமே. ஆனா அவர் சொன்னதுல ஏதாவது நியாயம் இருந்தா கண்டுபிடிச்சுச் சொல்லு. ஒத்துக்கறேன்."

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏன் அப்படிச் சொன்னார்? மர்ரேயைக் கேட்டேன். "கூச்சம், வேற என்ன?" என்றார். கூச்சமா? எதிரணி மட்டைக்காரனிடம் அவன் பெண்டாட்டி செய்யும் ஆப்பிள் பை பலகாரம் எப்படி என்று விசாரித்தே அவனைக் கவனம் தவற வைத்தவருக்கா கூச்சம்? ஐரீனைக் கேட்டேன். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க. 'என் பின்பக்கம் நிஜமாவே இவ்வளவு பெருசா?'ன்னு மட்டும் கேட்டார்" என்றார்.

இன்று காலை, யாரும் வருவதற்கு முன்னால், மைதானத்துக்குள் போனேன். பிட்சர் நிற்கும் மேட்டில் ஏறி நின்றேன். பழக்கதோஷம், நிமிர்ந்து எமில் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். அதற்குப் பின்னால், இருக்கைகளுக்கு நடுவே, வாசலுக்குப் போகும் நடைவழி தெரிந்தது. வாசல் திறந்திருந்தது. அதற்கு அப்பால், நேர்கோட்டில், வெறும் பீடம் நின்றது. எத்தனை முறை அந்த வாசல் வழியாகப் போயிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. அவரை உள்பக்கமாக உட்கார வைத்தால், தடுமாறி இந்த மேட்டில் நிற்கப்போகும் எந்தப் பிட்சருக்கும் தன்னைப் பார்த்தபடி ஒருவர் இருப்பது தெரியும்.

இதுதான் காரணமா? இருக்கலாம். ஆனால் இது பிட்சர்களுக்கு ஆறுதல். லோரெட்டாவுக்கு என்ன பதில்? யோசித்துக்கொண்டே அந்த நடைவழியில் வெளியே நடந்தேன். பாதி தூரம் வந்ததும் கால் நின்றுவிட்டது.

லோரெட்டா அவர்களே, உள்ளே வருகிறவர்களுக்குத்தான் எமில் முதுகைக் காட்டுவார். ஆட்டம் முடிந்து வெளியே போகிறவர்களுக்கு? நேருக்கு நேர் முகம். அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கும்? நீங்கள் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் நின்று பேசுவீர்கள். எமில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல், வெளியே வாசலோரம் குந்தி உட்கார்ந்து நடைவழியையே பார்த்துக்கொண்டிருப்பார். "வாடா, போகலாம்" என்றால், "இரு, அவ இன்னும் வரல" என்பார். அவர் மனதில் இருந்தது இதுதானா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நான் கண்டுபிடித்த நியாயம் இதுதான்.

லோரெட்டா சரியென்று தலையசைக்கிறார். நன்றி, அம்மா.

அப்படியானால் டன்மோர் மக்களே, நாளை எமிலை உள்பக்கம் பார்த்து உட்கார வைப்போம். ஆட்ட நாள்களில் அந்த வாசற்கதவை யாரும் மூட விடமாட்டோம். புகைப்படத்துக்கு முகம் வேண்டும் என்பவர்கள் முதலில் ஆட்டத்தை முழுதாகப் பார்க்கட்டும்.

லோரெட்டா, நீங்கள் எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள். அவர் உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்.