ஆறு பலகையும் ரெண்டு இரும்புக் காலும்

— கேட்கக் கூடாதுன்னு நாமளே போட்ட சட்டம்தானே? மரம் என் பாடு, இரும்பு உன் பாடு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒருத்தரை ஒருத்தர் நோண்டக் கூடாது. இப்ப என்ன திடீர்னு விசாரணை?

— சட்டத்தைத் தூக்கி ஓரமா வைங்க. இந்த டேபிளோட அடியைப் பாருங்க. பலகையில வெள்ளை பெயிண்ட்ல பதினேழுன்னு போட்டிருக்கு.

— போட்டிருக்கு. அவ்ளோதானே?

— பக்கத்துல பதினெட்டு. அதுக்குப் பக்கத்துல பத்தொன்பது. அந்த இன்னொரு டேபிள்ல இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. வெளியில மழையில கிடக்கப் போற டேபிளாச்சே, அடியிலயும் எண்ணெய் பூசுவோம்னு தேய்ச்சேன். பாசி போச்சு, நம்பர் வந்துச்சு. வீட்டுக் கதவுக்கு யாருங்க வரிசையா நம்பர் போடுவாங்க?

— கதவுன்னு நான் சொன்னேனா?

— சொல்லலை. நானா நெனச்சுக்கிட்டேன். மேல்பக்கம் நடுவுல மட்டும் பள்ளமா தேஞ்சிருக்கு, தடவிப் பாருங்க. இது கால் பட்டுத் தேஞ்ச மரம். எத்தனையோ பேர் நடந்த மரம்.

— ஏம்மா, டீச்சரம்மா ஆறு மணிக்குப் பார்க்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க தோட்டத்துல ரெண்டு நாற்காலிக்கும் பக்கத்துல ஒண்ணு ஒண்ணு வெச்சாச்சுன்னா நம்ம வேலை முடிஞ்சுது. எண்ணெயைப் பூசு.

— பூச மாட்டேன். எங்கேர்ந்து எடுத்தீங்க?

— மறுபடியும் பார். இதுக்குத்தான் அந்தச் சட்டமே போட்டோம்.

— அந்தச் சட்டம் எதுக்குப் போட்டோம்னு எனக்கும் தெரியும். உங்க அக்கா வீட்டு அலமாரிக் கதவை அவங்களுக்கே தெரியாம கழட்டிட்டு வந்தீங்க. நான் கேட்டேன். மூணு மாசம் உங்க அக்கா நம்மகூடப் பேசலை. அதுலேர்ந்து கேட்கறதில்லை. இப்ப கேட்கறேன். மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— மழை வரப் போகுதுல்ல, புழுக்கம்.

— என்னங்க.

— சரி, சொல்றேன். கத்தாதே. வாய்க்கால் மேல மரப்பாலம் இருக்கே, மில்லுக்குப் பின்னாடி. அதுலேர்ந்து.

— எந்த மரப்பாலம்? ஜனங்க நடக்குற பாலமா?

— நடந்த பாலம். இப்ப யாரும் நடக்கறதில்லை. மூடி மூணு மாசம் ஆச்சு. அடுத்த மாசம் இடிக்கப் போறாங்க. மரத்தை எல்லாம் போட்டுக் கொளுத்திடுவாங்கன்னு அங்க காவல் இருந்தவரே சொன்னாரு. தேக்கும்மா. கொளுத்த மனசு வருமா? வேணுங்கறதை எடுத்துக்கோன்னாரு, எடுத்தேன். திருட்டு இல்ல.

— திருட்டான்னு நான் கேட்கலை. எந்த இடத்துலேர்ந்து எடுத்தீங்க? ரெண்டு முனையிலயும் ஓரமா எடுத்தீங்களா?

— ஓரத்துல இருந்தது எல்லாம் இத்துப்போச்சு. விரலால குத்தினா மாவு மாதிரி கொட்டுது.

— அப்போ?

— நடுவுலதான் நல்லா இருந்துச்சு.

— கடவுளே. ஒரு பலகை எட்டு அங்குலம். ஆறு பலகை நாலடி. நடுப்பாலத்துல நாலடிக்கு ஓட்டை போட்டுட்டு வந்து இங்க நின்னு எண்ணெய் பூசுன்னு சொல்றீங்க!

— அட, பதறாதே. நான் என்ன முட்டாளா? ரெண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் வெச்சு போர்டு மாட்டியிருக்கு. வழி இல்லைன்னு கொட்டை எழுத்துல. அதைத் தாண்டி ஒரு பூனை கூடப் போகாது.

— என்னைக்கு எடுத்தீங்க?

— போன ஞாயித்துக்கிழமை. வரும்போது ஸ்டாண்டை நானே நகர்த்தி, நட்ட நடுவுல வெச்சுட்டுத்தான் வந்தேன். அப்படி பொறுப்பில்லாத ஆளா நான்?

— நம்ம சிட்டு சைக்கிள்ல வர்ற வழிதானே அது?

— அவ ரோட்டு வழியா சுத்தித்தானே வர்றா. பாலம்தான் மூடியிருக்கே.

— இன்னைக்கு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. மழை வேற வருது. ஏற்கெனவே இருட்டிக்கிட்டு இருக்கு. பதினாலு வயசுப் பொண்ணு குறுக்கு வழி கண்ணுல பட்டா விடுவாளா?

— போர்டு இருக்கும்மா! எத்தனை தடவை சொல்றது? நல்ல கனமான ஸ்டாண்ட். நாலு கால், கீழ வட்டமா ஒரு வளையம். காத்துல விழுந்தாக்கூட வழியை மறிச்சுக்கிட்டுதான் கிடக்கும். ஏன், என்னாச்சு? ஏன் அப்படிப் பார்க்கிறே?

— வளையமா?

— ஆமா. கால் நாலையும் சேர்த்து வெல்டு வெச்சிருக்கும்.

— என்ன கலரு?

— சிவப்பும் வெள்ளையும், பட்டை பட்டையா. எதுக்குக் கேட்கறே?

— நீங்க இப்ப ஒரு டேபிள் மேல கையூனி நிக்கிறீங்களே, கீழ குனிஞ்சு அதோட காலைப் பாருங்க.

— பார்த்தேனே. நல்லாத்தான் அடிச்சிருக்கே, கறுப்பு பெயிண்ட்.

— இந்த ஆணியை வெச்சு சுரண்டிப் பாருங்க.

— எதுக்குடீ நல்ல பெயிண்டைப் போய்…

— சுரண்டுங்க!

— …சிவப்பு. அதுக்குப் பக்கத்துல வெள்ளை. ஏய். ஏய், என்ன பண்ணி வெச்சிருக்கே நீ?

— வியாழக்கிழமை. காத்துல விழுந்து ரோட்டோரமா சேத்துல கிடந்துச்சு. யாரோ வேண்டாம்னு போட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன். பாலத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கலைங்க, சத்தியமா.

— போர்டைப் படிக்கலையா?

— குப்புறக் கிடந்துச்சு. நட்டைக் கழட்டி, தகரத்தை அங்கேயே புதர்ல விட்டுட்டு காலை மட்டும் எடுத்துட்டு வந்தேன்.

— சரி, சரி. அது ஒரு பக்கம். அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. சிட்டு அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வருவா. அதைப் பார்த்தா நின்னுடுவா. ஏன் வாயைப் பொத்திக்கிறே?

— டேபிள் ஜோடியாச்சேங்க. ரெண்டும் ஒரே மாதிரி கால் இருந்தா நல்லா இருக்குமேன்னு, மறுநாள் ஸ்கூட்டர்ல சுத்திப் போய் அந்தப் பக்கத்துதையும்… அது நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. போர்டு திரும்பி வாய்க்காலைப் பார்த்து இருந்துச்சு. ஒண்ணு வேண்டாம்னு போட்டுட்டாங்கன்னா இன்னொண்ணும் வேண்டாததுதானேன்னு…

— நாசமாப் போச்சு. போன் போடு. சிட்டுக்குப் போன் போடு!

— போட்டுக்கிட்டுதான் இருக்கேன். எடுக்க மாட்டேங்கறா. அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா.

— மேல மதகு வேற திறந்து விட்டிருக்காங்க, வாய்க்கால் நிறையத் தண்ணி. ஸ்கூட்டர் சாவி எங்கே?

— ஆணி டப்பாவுல பாருங்க. இல்ல, உங்க சட்டைப் பையில. நானும் வர்றேன்.

— நீ இங்கேயே இரு. போன் போட்டுக்கிட்டே இரு. எடுத்தா, எங்க இருக்கியோ அங்கேயே நில்லுடீன்னு சொல்லு. டார்ச் எங்கே?

— அப்பா! டார்ச்சைத் தூக்கிக்கிட்டு எங்க ஓடறீங்க?

— சிட்டு! ஐயோ, என் கண்ணு. வாடீ, இங்க வா. கால் காட்டு, கை காட்டு.

— ஐயோ அம்மா, மூச்சு முட்டுது, விடும்மா. என்ன ரெண்டு பேரும் பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?

— போனை ஏன் எடுக்கலை?

— பைக்குள்ள இருந்துச்சுப்பா, மழையில எப்படி எடுக்கறது? சைக்கிள் வேற பஞ்சர். ரோட்டு மேல கடையில விட்டுட்டு, வழியில ஃபிரெண்டு வீட்டுல நோட்டு வாங்கணும்னு அவங்க தோண்டிப் போட்ட சேத்துல நடந்தே வந்தேன். செப்பலைப் பாருங்க, செம கேவலமா இருக்கு.

— பாலத்துப் பக்கமே போகலையே நீ?

— நான் போகலை.

— அப்பாடா. ஏங்க, உட்காருங்க. தண்ணி குடிங்க. உங்க உதடெல்லாம் வெளுத்துப் போச்சு.

— உட்கார நேரமில்ல. ரெண்டு காலையும் இப்பவே கழட்டு. கொண்டு போய் ரெண்டு முனையிலயும் வெச்சுட்டு, பலகையைக் காலையில அடிச்சுக்கலாம். டேபிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டீச்சரம்மா வந்தா நான் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஸ்பேனரை எடு.

— எடுக்கறேன். இனிமே எங்கேர்ந்துன்னு கேட்காம ஒரு ஆணியைக்கூட இந்த வீட்டுக்குள்ள விட மாட்டேன். இது சத்தியம்.

— அம்மா, என்ன நடக்குது? டேபிளை எதுக்குக் கழட்டறீங்க? டீச்சரம்மாவுக்குப் பிடிக்கலையா?

— அவங்க இன்னும் பார்க்கவே இல்லடீ. ஆறு மணிக்கு வர்றேன்னாங்க. மணி என்ன?

— ஆறு பத்து. பார்க்கலையா? இங்கதானே வந்தாங்க? பஞ்சர் கடையில பார்த்தேனே. முட்டி வலிக்குது, இந்தச் சேத்துல எப்படிடா சுத்திப் போறதுன்னு நின்னாங்க. போர்டை எல்லாம் எடுத்துட்டாங்க டீச்சர், பாலம் திறந்தாச்சு, அஞ்சே நிமிஷம்னு நான்தான் அனுப்பி வெச்சேன். இன்னுமா வரலை?