மைக்கில் வாசித்த தம்ளர்

...பின்னே குத்தக்காரி ஞான்தானா? நீயே சொல்லு மக்கா. அண்ணைக்கு மைதானத்துல ஆரெல்லாம் இருந்தாவன்னு எண்ணிச் சொல்றேன், கேட்டுட்டுச் சொல்லு. மேடையில பாட்டுக்காரங்க அஞ்சு பேரு. பூமி சூடாகுதுன்னு பேச திருவனந்தரத்துலேருந்து வந்த ஆர்யான்னு ஒரு பிள்ள. அவகூட பச்சை பனியன் போட்டு நாலு பிள்ளைங்க. எங்க கிளப்பு செக்ரட்டரி ஜெயன் ஒண்ணு. முன்வரிசையில சுகுமாரி, அவளுக்க மாப்பிள சதானந்தன், மக பிரசீதா. இந்தப் பக்கம் எனக்க வீட்டுக்காரரு மோகனன், மகன் சிஜு. சிஜுவுக்கு பிரசீதாவைப் பேசி முடிச்சாச்சு, நாளு குறிக்கதுதான் பாக்கி. அதனால ரெண்டு வீடும் அடுத்தடுத்து இருந்து ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். பின்னே சனம் ஒரு முந்நூறு. அந்த முந்நூறுல ஞான் ஒருத்தி. ஒருத்தி எப்பிடி மக்கா ஒரு கல்யாணத்தை முடக்க முடியும்?

நீ பஸ்ஸு சன்னலுக்குப் பக்கம் நல்லா நீங்கி இரி. காத்து வரட்டும். ஆ... என்ன சொன்னேன்?

ஆங், கானமேளை, பாட்டுக் கச்சேரி. வருசா வருசம் சித்திரையில எங்க கிளப்பு வைக்கும். எப்பளும் ராத்திரிதான். இந்த வருசம் ஜெயனுக்கு ஞானம் பொறந்துட்டு. டீசல் ஜெனரேட்டர் வேண்டாம், புகையாக்கும், சோலார்ல பாடணும்னான். சோலாருக்கு வெயிலு வேண்டாமா? அதனால கச்சேரி மத்தியானம் மூணு மணிக்கு! சித்திரை வெயிலு, பந்தலு பாதிக்குத்தான் உண்டு. பூமி சூடாகுதுன்னு நம்பாதவனும் அண்ணைக்கு நம்பிட்டான் மக்கா. அந்த ஆர்யா வாயைத் தொறக்கவே வேண்டியிருக்கல்ல.

அந்த வெயிலுக்கு சனம் வெள்ளம் குடிச்ச குடி இருக்கே! பேப்பர் கப்பு கூடாதாம், அதுக்குள்ளயும் பிளாஸ்டிக் பூசியிருக்காம். ஆளுக்கொரு தம்ளர் வீட்டுலேருந்து கொண்டு வரணும்னு ஆட்டோவுல மைக்கு கெட்டி விளிச்சுச் சொன்னாவ. கொண்டு வந்தாவ, இல்லேன்னு சொல்லல்ல. ஆனா நல்ல தம்ளரை ஆராவது கூட்டத்துக்குக் கொண்டு போவாவளா? நீ கொண்டு போவியா? ம்... அதான். அடுக்களையில ஆகப் பின்னால, சோடியில்லாம ஒண்ணு ஒத்தையில கெடக்கும் பாரு, போனாப் போட்டும்னு அதைத்தான் எடுத்தாவ. முந்நூறு பேரும் அதே புத்தி!

அந்த ஒத்தைத் தம்ளர் எங்கேருந்து வந்தது? எங்க ஊருல பாத்திரம் வாங்கினா பேரு வெட்டாம வீட்டுக்குள்ள கேத்த மாட்டோம். கல்யாணம், வீடு பாலுகாய்ச்சு, எல்லாத்துக்கும் பேரும் தேதியும் உண்டு. பின்னே அடுத்த வீட்டுக்கு பாயசம் குடுத்து விடுவோம், மோரு குடுத்து விடுவோம். தம்ளர் போன எடத்துல தங்கிரும். கேக்க மாட்டோம். எப்பிடிக் கேக்க? நம்ம வீட்டுலயும் நாலு வந்து கெடக்கும் இல்லியா? அப்பிடி ஒரு மரியாதையில போயிட்டு இருந்த ஊரு மக்கா. பூமியைக் காப்பாத்தப் போயி எல்லாம் கெட்டுது.

கழுவ ஒரே அண்டா. பச்சை பனியன் பிள்ளைங்க கழுவி மேசையில அடுக்கினாவ. அடுக்கினா எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. அந்நேரம் ஆர்யா பேசுதா. கடலு கேறி வரும், மழை தப்பும், கெணறு வத்தும்னு. நல்ல பேச்சுதான், பொய் சொல்லப்பிடாது. அவ முடிச்சதும் பனியன் போட்டதுல ஒரு பிள்ள தம்ளரோட வாறா. இதுல தமிழ்ல வெட்டியிருக்கு, எங்களுக்கு மலையாளந்தான் அறியும், வாசிக்கத் தெரிஞ்சவங்க ஆருண்டுன்னு கேக்கா. ஞான் ஆறாங்கிளாஸ் வரைக்கும் தமிழாக்கும், பின்னே மலையாளம். ரெண்டும் வரும். போனேன்.

மைக்கைக் கையில தந்தாவ, வாசிச்சேன். "சிவதாணு, வீடு பாலுகாய்ச்சு." அவ்வளவுதான். சிவதாணு எழும்பி நிக்காரு: "எனக்கதா? எட்டு வருசமா தேடுதேனே!" ஆனா எடுக்க வந்தது அதைக் கொண்டு வந்த அவருக்க அடுத்த வீட்டு ஷீஜா. பாதி வழியில அப்பிடியே நின்னுட்டா. முன்னாலயும் போக முடியல்ல, திரும்பவும் முடியல்ல. சனம் சிரிச்ச சிரிப்பு! பாட்டுக்கு அப்பிடி ஒரு கைத்தட்டு கெடைக்கல்ல.

அப்ப நிறுத்தியிருக்கலாமேன்னு நீ பாக்குதே. எல்லாரும் அதைத்தான் சொல்றாவ. கேட்டது ஒரு தம்ளர்தான், செரி, ஒண்ணுதான்னு வை. ஆனா மைக்கு கையில இருக்கு. முந்நூறு பேரு நம்ம வாயைப் பாக்காவ. மேசை நிறைய தம்ளர் ஆளில்லாம இருக்கு. உரியவங்களுக்குப் போய்ச் சேரட்டும்னு ஒரு நல்ல மனசுல அடுத்ததை எடுத்தேன். அதுக்கடுத்ததை எடுத்தேன். மலையாளத்துல உள்ளதையும் எடுத்தேன். ஆருக்க பேரு, எந்தக் கல்யாணம், எந்தத் தேதி, ஒண்ணு விடல்ல. ஜெயன் ரெண்டு தடவை மைக்கு கேட்டான். ஞான் குடுக்கல்ல. வாசிக்க வாசிக்க சனம் குனிஞ்சுட்டே போகுது, ஒருத்தனும் எழும்பல்ல. எனக்கு அது மனசிலாகல்ல மக்கா, இவங்களுக்கு என்ன வெக்கம்னு நெனச்சேன்.

பின்னே ஒண்ணு எடுத்தேன். "சதானந்தன் சுகுமாரி திருமணம்." ஆகா, நம்ம சம்மந்தி தம்ளராச்சேன்னு சத்தமா வாசிச்சிட்டு, அதோட விட்டேனா? "நம்ம சுகுமாரிக்க தம்ளரைக் கொண்டு போயி வெச்சிருந்த மகராசன் ஆரு, தைரியமா எழும்பி வரட்டும்"னும் சொன்னேன்.

முன்வரிசையில எனக்க வீட்டுக்காரரு எழும்பி நிக்காரு.

"அது நம்ம வீட்டுது சத்தியபாயி. ஞான் கொண்டு வந்ததாக்கும்"னு.

அந்த மனுசனுக்கு வேற தம்ளரே கெடைக்கல்லியா? அப்பிடியே எடுத்தாலும், எழும்பாம இருக்கப்பிடாதா? ஊரே வாயைப் பொத்திட்டு இருக்கு, இவருக்கு மட்டும் சத்தியம்! சவம்... முப்பது வருசம் குடித்தனம் பண்ணியும் எப்ப வாயை மூடணும்னு தெரியாத மனுசன்.

சிரிக்காத பிள்ளே. எனக்க பாடு எனக்குத்தான் தெரியும்.

சுகுமாரி சேலையை ஒதுக்கிட்டு எழும்பிப் போனா. பிரசீதாவும் பின்னால போனா. சிஜு என்னைப் பாத்த பார்வை இருக்கே... அதை விடு. கச்சேரி முடிஞ்சு சனம் கலைஞ்சுது, ஒருத்தரும் மேசைப் பக்கம் வரல்ல. எடுத்தா, அடுத்தவன் தம்ளர் அவங்க வீட்டுல இருந்ததுன்னு ஆகும். பேருக்குரியவனும் எடுக்கல்ல, அவனுக்க வீட்டுல இருந்து வந்தது வேற ஆருக்கதோ! எழுபத்தாறு தம்ளர். ஜெயன் சாக்குல கெட்டி எனக்க வாசலில வெச்சான். "சேச்சி வாசிச்சதுதானே, சேச்சியே குடுத்துருங்க." மறுநாளு பத்திரிகையில ஆர்யாவுக்க படம். ஒரு கப்பு குப்பையில்லாம நடந்த கானமேளை, மிச்சம் பூஜ்யம்னு!

சுகுமாரி ஆளு விட்டுச் சொன்னா. எனக்க பிள்ளையை ஊருக்க தம்ளர் கெடக்கிற வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஒண்ணு மிச்சமில்லாம உரியவங்க கையில சேரட்டும், அண்ணைக்கு நாளு குறிக்கலாம்னு. அவளுக்க தம்ளரையே முதல்ல கொண்டு போனேன். "மைக்கில நாறின தம்ளர் எனக்கு வேண்டாம்"னு கதவைச் சாத்திட்டா! வாங்கவும் மாட்டா, வெச்சிருக்கவும் விடமாட்டா. இது என்ன நியாயம்?

பழைய பாத்திரம் எடுக்கிற ஆக்ரிக்காரனுக்குப் போட்டிருக்கலாம். பேரு வெட்டியிருக்கே, தெருத்தெருவா காட்டிட்டுப் போவான். அதனால வீடு வீடா நடக்கேன். சிலரு பின்வாசல் வழியா வாங்குதாவ, சிலரு பாத்த உடனே வெளக்கை அணைக்காவ. இப்ப காஞ்சிரங்குளத்துல ராஜையான்னு ஒருத்தரைத் தேடிப் போறேன், அவருக்க மக கல்யாணத் தம்ளர் ஒண்ணு. நெய்யாற்றின்கரையில எறங்கி வண்டி மாறணும். காலத்த எழும்பினதும் சிஜு பல்லு தேய்க்காம கேக்குதான்: "அம்மா, இன்னும் எத்தனை?" இண்ணைக்கு நாப்பதுன்னேன். பிரஷை எடுத்துட்டு வெளியில போயிட்டான். மொகத்தைப் பாக்க முடியல்ல மக்கா. எனக்க வாயால வந்தது, செரி, இருக்கட்டும். அதுக்கு அந்தப் பிள்ளைங்க ரெண்டும் என்ன செய்யும்?

நீ இந்த ஊரு இல்லியே? திருவனந்தரத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தே, கேட்டேன். அப்ப ஒரு உபகாரம் செய்யி. இந்தா, இந்த சுகுமாரிக்க தம்ளர். கனமான சாதனம், இப்பம் இப்பிடி கெடைக்காது. வெக்கப்படாம வாங்கு. உனக்க ஊருல சதானந்தன் ஆரு, சுகுமாரி ஆருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். இதுல டெய்லி சாயா குடி. அந்த ஆர்யா சொன்னது போல பூமிக்கும் நல்லது. ஆ... மடியில வெச்சுக்கோ. நல்ல பிள்ள! ராஜையாவுக்கது போனா முப்பத்தெட்டு. சிஜுகிட்ட ராத்திரி சொல்லலாம், அவனுக்க மொகம் கொஞ்சம்...

என்ன? அமரவிளையா? நீ இஞ்சயா எறங்குதே? டிக்கெட்டு திருவனந்தரம் வரைக்கும் உண்டே பிள்ளே... செரி, செரி, பாத்து எறங்கு. பைய... கண்டக்டரே, ஒரு நிமிசம், பிள்ள எறங்கட்டும்...

அய்யோ, சீட்டுல வெச்சிட்டுப் போயிட்டா! ஏ பிள்ளே! திரும்பிப் பாக்காம ஓடுதா பாரு...

நாப்பது.