வகுப்பறையையே ஆய்வுக்கூடமாக்கிய அம்மையாருக்கு

கரும்பலகை முன் முப்பத்தோராண்டு நின்றும், பிறர் வகுப்பின் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு அமர்ந்தும், கற்பித்தலையே கற்றுக்கொண்டிருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் இயற்பியல் துறை இணைப் பேராசிரியரே! அன்பும் அறிவும் அஞ்சாமையும் ஒருங்கே அமைந்த அம்மையீர்! வணக்கம்.

பாடம் நடத்துவது எப்படி என்று பேசுவோர் பலர். தாம் நடத்திய பாடம் மாணவர் தலையில் ஏறியதா என்று தேடிப் பார்ப்போர் சிலர். ஏறவில்லை என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டவர், எங்களுக்குத் தெரிந்து, தாங்கள் ஒருவரே! மாணவர் வகுப்பில் எத்தனை முறை வாய் திறக்கிறார் என்று, கற்றலை அளக்க வெளிநாட்டிலிருந்து வந்த வினாப்படிவம் ஒன்று கேட்டது. நம் பிள்ளைகள் திறக்கவே மாட்டார்கள். அதனால் மக்கு என்றாகிவிடுமா என்று கொதித்துப்போய், பாடம் புரிந்ததா என்று பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் நாள் நூற்றிருபது சீட்டிலும் "நல்லா புரிஞ்சுது மேடம்" என்றே இருந்தது; வருகைப்பதிவு என்று நினைத்துப் பாதிப் பேர் பதிவெண்ணும் போட்டிருந்தார்கள்! சிரித்துவிட்டு, எந்த இடத்தில் வழி தவறினீர்கள் என்று கேள்வியை மாற்றினீர்கள். மறுநாள் ஒரு சீட்டைப் படித்ததும் தங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், 'இது ரொம்ப ஈஸி'ன்னு இன்னிக்குப் பதினோரு தடவை சொன்னீங்க. அதுக்கப்புறம் எப்படி டவுட் கேக்குறது?"

மற்றவராயிருந்தால் சீட்டைக் கசக்கி எறிந்திருப்பார். தாங்களோ அந்தச் சொல்லையே விட்டீர்கள். விட்டதால் என்ன ஆனது என்று ஈராண்டு கவனித்துக் கட்டுரையாக்கினீர்கள். வெளியிடுமுன் அதைப் படித்த கடல் கடந்த மதிப்பீட்டாளர் ஒருவர், ஒரே வகுப்பில் நூற்றிருபது பேரா, பன்னிரண்டா என்று சந்தேகம் கேட்டார். பதிலுக்கு வகுப்பின் புகைப்படத்தை அனுப்பினீர்கள். கட்டுரை வெளியானது. நம்முடையதைப் போல நெரிசலான வகுப்பறைகள் உள்ள பல நாடுகளில் இன்று ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள்.

பாராட்டு மடலில் குற்றம் பேசுவது மரபன்று. ஆனாலும் சொல்லாமல் தொண்டையில் சோறு இறங்காது. தங்கள் பேராசிரியர் பதவி உயர்வுக் கோப்பு மும்முறை வந்தது. மும்முறையும் 'இது இயற்பியலும் அன்று, ஆராய்ச்சியும் அன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டோர், துறைக்குழுவில் இருந்த நாங்கள் ஐவரே. தங்கள் வகுப்பில் தேர்ச்சி ஏறுவதைக் கண்ணால் கண்டுகொண்டே கையெழுத்திட்டோம். வெட்கப்படுகிறோம்.

மூன்றாம் முறை, நாங்கள் கூடியிருந்த துறைத்தலைவர் அறைக்கு வந்தீர்கள். சண்டைக்குத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தோம். "என்னோடது போகட்டும் சார். அடுத்து நம்ம துறை ஜூனியர், சின்ன மேடம் ஃபைல் வரும். அவங்களும் வகுப்பைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. அதுல மட்டும் இதையே எழுதிடாதீங்க" என்றீர்கள். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டீர்கள்.

தாயினும் பரிவுடையீர்! தங்களுக்கு நாங்கள் மறுத்ததை இனித் தர இயலாது. நோயும் நொடியும் நெருங்காமல், நினைத்ததைப் படித்து, நினைத்தபோது உறங்கி, நீடூழி வாழ நெஞ்சார வேண்டுகிறோம்.

சின்ன மேடத்தின் கோப்பு மூன்று மாதம் முன்பு வந்தது. 'ஆராய்ச்சியே' என்று எழுதி ஐவரும் கையெழுத்திட்டோம். நேற்று பதவி உயர்வு ஆணை வந்துவிட்டது; அவருக்கு இன்னும் தெரியாது. இம்மடலுக்கு அடியில் தங்கள் கையில் இருக்கும் உறை அதுதான். இதே விழா அரங்கில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தாங்களே போய்க் கொடுங்கள் அம்மா.

நன்றியுடன்,
கையெழுத்திட்ட ஐவரும்
இயற்பியல் துறையினர் அனைவரும்